அருகில் இருப்பதும் பழகுவதும்

நட்பைக் குணமும் ரசனையும் முடிவு செய்கின்றன என்பது பொதுவான நம்பிக்கை. வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, மாடிப்படி எங்கிருந்து ஏறுகிறது என்பவற்றுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், மணமான மாணவர்களுக்குக் கட்டிய வெஸ்ட்கேட் குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் என்ற மூன்று உளவியலாளர்கள் இதை ஆராய்ந்து 1950இல் நூலாக வெளியிட்டார்கள். அங்கே யாரும் அக்கம்பக்கத்தாரைப் பார்த்து வீடு பிடிக்கவில்லை. காலியான வீடு எதுவோ அது ஒதுக்கப்பட்டது. அப்படியிருந்தும், ஒரே தளத்தில் அடுத்த கதவில் இருந்தவரைத் தன் நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு. ஒரு வீடு தள்ளி இருந்தவர் என்றால் 22 விழுக்காடு. தாழ்வாரத்தின் இரு கோடிகளில் இருந்தவர்கள் என்றால் 10 விழுக்காடுதான். ஒரு தாழ்வாரத்தின் நீளம் நட்பின் வாய்ப்பை நான்கில் ஒரு பங்காக்கிவிடுகிறது.

இந்த ஆய்வைப் படிப்பவர்களுக்குத் திருப்பூரின் லைன் வீடுகள் நினைவுக்கு வராமல் இருக்காது. திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் உள்ள அருள்புரம் பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நெருங்கிய பகுதி. அவற்றில் வேலை செய்பவர்கள் தங்குவது பெரும்பாலும் காம்பவுண்டு வீடுகளில். எதிரெதிராக இரண்டு வரிசை அறைகள், நடுவே ஒரு நடை, கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி. காலை எட்டரை மணி ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அந்தத் தொட்டியடியில் தேனிக்காரரும் ஒடிசாக்காரரும் ஒரே வாளிக்குக் காத்து நிற்பார்கள். வெஸ்ட்கேட்டின் கணக்குப்படி இங்கே நட்பு பெருகி வழிய வேண்டும்.

பெருகலாம், பகையும் பெருகலாம். 1976இல் எப்பெ எப்பெசன் தலைமையில் கலிஃபோர்னியாவின் ஒரு குடியிருப்பில் நடந்த ஆய்வு, நண்பர்கள் மட்டுமின்றி, பிடிக்காதவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்று காட்டியது. பகைக்குத் தூரத்தின் மேல் உள்ள சார்பு நட்பைவிட அதிகம். தூரத்தில் இருப்பவர் போடும் சத்தம் யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. அருகில் இருப்பது பழகும் வாய்ப்பை மட்டும் தருகிறது. அந்தப் பழக்கம் எந்தப் பக்கம் சாயும் என்பது வேறு ஏற்பாடுகளைப் பொறுத்தது. அந்த ஏற்பாடுகள் எவை என்ற கேள்விதான் சமூக உளவியலின் முக்கால் நூற்றாண்டுத் தேடல். திருப்பூரைப் போல் அந்தக் கேள்விக்கு ஏற்ற ஊர்கள் குறைவு.

ஏற்பாடுகளில் முதலாவது, மனிதர்கள் வந்து சேரும் வழி. வேலை தேடுவதில் நெருங்கிய உறவுகளைவிட அரைகுறைப் பழக்கங்களே அதிகம் கைகொடுக்கின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அவர் பார்த்தது பாஸ்டன் பக்கத்து அலுவலக ஊழியர்களை. பனியன் தொழிலில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் வருகிறார், அடுத்த முறை தம்பியையும் மச்சானையும் பக்கத்து வீட்டுப் பையனையும் அழைத்து வருகிறார், பிறகு அவரே ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்டாகிறார். ஒரே ஊர் ஆட்கள் ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனிக்குப் போய், ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். புது ஊரில் ஒருவன் தனித்துவிடாமல் காப்பது இந்த வலைதான். அறைக்கு வெளியே யாரோடும் பேசத் தேவையில்லாமல் செய்வதும் இதுவே.

முதலாளிகள் பக்கமும் இதே கதை உண்டு, பணத்தின் உருவில். அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை பொருளாதார வட்டத்தில் புகழ்பெற்றது. உள்ளூரில் வேரூன்றிய கவுண்டர் சமூகத்தவரின் நிறுவனங்களில் முதலீடு அதிகம். வெளியிலிருந்து வந்தவர்களின் நிறுவனங்களில் மிகக் குறைவு. திறமை வேறுபாட்டைக் கொண்டு இந்த இடைவெளியை விளக்க முடியவில்லை. குறைந்த முதலில் தொடங்கிய வெளியாட்கள் விரைவாகவே வளர்ந்தார்கள். உள்ளூர்ச் சமூகத்தின் பணம் உறவுக்குள்ளும் பழக்கத்துக்குள்ளுமே சுற்றியது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. தெரிந்தவரை நம்புவது எளிது. கொடுத்த கடன் திரும்பாவிட்டால் கேட்க மாமன், மச்சான், ஊர்ப் பெரியவர் என்று ஆள் இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் யாரும் வெளியாட்களை வெறுத்திருக்க வேண்டியதில்லை. வெறுப்பே இல்லாமல் ஒரு குழு இன்னொரு குழுவுக்குக் கதவடைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

குழுவாகப் பிரிவதற்கு உறவோ ஊரோகூடத் தேவையில்லை என்று காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். நாஜிகளின் இன அழிப்பில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். அந்தக் கொடுமைக்கு அடியில் இருக்கும் மனவியல்பைத் தேடிய அவர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை வைத்துச் சோதனை செய்தார். முடிவுகள் 1970இல் வெளிவந்தன. க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்ற பெயரில் மாணவர்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூட ஒருவனுக்கும் தெரியாது. அடுத்து, மற்றவர்களுக்குச் சிறு தொகைகளைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னபோது பெரும்பாலோர் தன் குழுவுக்குச் சாய்ந்தார்கள். அடுத்த குழுவைவிட முந்த வேண்டும் என்பதற்காகத் தன் குழுவுக்குக் கிடைக்கக்கூடிய மொத்தத் தொகையையே குறைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

குழுக்களுக்கிடையே கோடு இவ்வளவு எளிதில் விழும் என்றால் அவ்வளவே எளிதில் இடம் மாறவும் முடியும். ஏற்றுமதி பெருகிய 1980களிலும் 90களிலும் மதுரை, தேனி, திண்டுக்கல், திருநெல்வேலிப் பக்கமிருந்து பல்லாயிரம் பேர் திருப்பூருக்கு வந்தார்கள். அன்று அவர்கள்தான் தெக்கத்திக்காரர்கள், வெளியாட்கள். அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கியவர்களும் இருந்தார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், அசாம் என்று தொலைவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு அதே தெக்கத்திக்காரர்கள் உள்ளூர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களிடம் எதுவும் மாறவில்லை. ஒப்பிட வேறு ஆள் வந்துவிட்டார். தாஜ்ஃபெலின் மாணவர் ஜான் டர்னர் 1980களில் வகுத்த கோட்பாடும் இதையே சொல்கிறது: எதிரில் யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்து ‘நாம்’ என்பதன் எல்லை விரியும், சுருங்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தெரிவதும் நன்கு அறியப்பட்ட விளைவு. மைதிலி பேசும் பீகாரியும் ஒடியா பேசும் ஒடிசாக்காரரும் வங்காளம் பேசும் முர்ஷிதாபாத்காரரும் ‘இந்திக்காரங்க’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். காரணம் கற்பிக்கும் விதமும் மாறுகிறது. செக்கிங் மேசையில் தையல் விட்டுப்போன பீஸ் ஒன்று கிடைக்கிறது. தைத்தவர் நம்மவர் என்றால் ஓவர்லாக் மெஷின் நூல் அறுக்கிறது, நேற்று ஒன்றரை ஷிப்டு பார்த்த களைப்பு என்று சூழ்நிலை முன்னால் வருகிறது. தைத்தவர் மற்றவர் என்றால் ‘அவங்க வேலையே இப்படித்தான்’ என்று பிறவிக்குணம் முன்னால் வருகிறது. உளவியலாளர் தாமஸ் பெட்டிக்ரூ 1979இல் இந்தப் பிழையை விவரித்தார். மைசூரிலும் சிகாகோவிலும் ஒப்பீட்டாய்வு செய்த ஜோன் மில்லர், மற்றவர் செயலுக்குக் காரணம் சொல்லும்போது அமெரிக்கர்களைவிட இந்தியர்கள் சூழ்நிலையை அதிகம் கணக்கில் எடுக்கிறார்கள் என்று 1984இல் எழுதினார். அந்தப் பெருந்தன்மையும் குழுவின் எல்லை வரைதான் வருகிறது போலும்.

இத்தனை நாள் மெதுவாகப் படிந்த இந்தப் பிரிவினைகள் 2023இல் சில வாரங்களுக்குள் வெளிப்பட்டன. ஜனவரி இறுதியில் திருப்பூரில் எடுத்த ஒரு காணொளி பரவியது. டீக்கடையருகே மூண்ட ஒரு சில்லறைத் தகராறின் முடிவில், வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாகத் திரண்டு உள்ளூர் ஆட்களைத் துரத்தும் காட்சி அது. தமிழ்ச் சமூக ஊடகங்களில் அச்சமும் ஆத்திரமும் பொங்கின. ஒரு மாதம் கழித்து அலை திரும்பி அடித்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தியும் காணொளிகளும் மார்ச் தொடக்கத்தில் வட இந்தியாவெங்கும் ஓடின. பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது. ஊரிலிருந்து தாய்மார்கள் அழைத்து, உடனே ரயிலேறச் சொன்னார்கள். அந்தக் காணொளிகளில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், மற்றொன்று கோவையில் உள்ளூர் ஆட்களுக்குள் நடந்த மோதல் என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். அதே நாட்களில் பீகார்த் தொழிலாளி ஒருவர் திருப்பூரில் ரயில் மோதி இறந்தபோது, அதைக் கொலை என்று நம்பிச் சக தொழிலாளர்கள் ரயில் நிலையத்தில் திரண்டார்கள்; கண்காணிப்புக் கேமராப் பதிவைக் காட்ட வேண்டியிருந்தது.

வதந்தியை அறிவியலாக ஆராயும் முயற்சிகளில் முன்னோடியான ஒன்று பீகாரிலிருந்தே வந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின் உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் தொகுத்து 1935இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியிட்டார். நடுக்கத்தை உணர்ந்தும் அழிவைக் கண்ணால் காணாத பகுதிகளில் கிடைத்த வதந்திகள் அவை: கங்கை நீர் மறைந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள், சந்திர கிரகணத்தன்று இன்னொரு நடுக்கம் வரும், நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் மதுபனி நோக்கிப் பாய்ந்து வருகிறது. பேரழிவிலிருந்து தப்பியவர்கள் ஆறுதலான செய்தியைத்தானே பரப்ப வேண்டும், ஏன் மேலும் பயங்கரமானதைப் பரப்பினார்கள்? இந்தக் கேள்வி ஃபெஸ்டிங்கரை உறுத்தியது. வெஸ்ட்கேட் ஆய்வு செய்த அதே ஃபெஸ்டிங்கர்தான். அவர் கண்ட விடை: அந்த மக்களிடம் பயம் இருந்தது, பயப்படுவதற்குக் கண்முன் காரணம் இல்லை. மனம் தன் பயத்துக்கு ஏற்ற காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. டார்ஜிலிங் நிலச்சரிவில் அழிவை நேரில் பார்த்தவர்களை துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்து 1952இல் எழுதினார். அவர்களிடம் இப்படி ஊதிப் பெருத்த வதந்திகள் இல்லை. இந்த இரண்டு இந்திய ஆய்வுகளும் 1957இல் ஃபெஸ்டிங்கர் வெளியிட்ட அறிவு முரண் கோட்பாட்டுக்கு அடிக்கல்லாயின. உளவியல் பாடநூல்கள் இந்தக் கடனை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

2023க்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது. மொழி புரியாத ஊர், முறைத்துப் பார்க்கும் சில கண்கள், ஜனவரிக் காணொளிக்குப் பிறகு கூடிய இறுக்கம் என்று தொழிலாளிகளிடம் இனம் புரியாத பயம் ஏற்கெனவே இருந்தது. கொலை என்ற செய்தி அந்தப் பயத்துக்குக் காரணம் கொடுத்தது. கார்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும் 1947இல் சொன்ன விதியும் சேர்ந்துகொண்டது: விஷயத்தின் முக்கியத்துவத்தையும் தெளிவின்மையையும் பெருக்கினால் வருவதே வதந்தியின் வேகம். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தி எழாது. உயிர்ப்பயத்தின் முக்கியத்துவத்தைக் குறைக்க யாராலும் முடியாது. தெளிவின்மையைக் குறைக்க முடியும். பக்கத்து அறைத் தமிழ்க் குடும்பத்தோடு நாலு வார்த்தை பேசிப் பழகியிருந்தவருக்கு, செய்தி உண்மையா என்று கேட்க எதிர்வாசலில் ஆள் இருந்தது. மற்றவர்களுக்குக் கைபேசி மட்டுமே இருந்தது.

மறுப்பு எடுபட்ட விதமும் கவனிக்கத்தக்கது. யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரு செய்தியின் நம்பகம் அமைகிறது என்று கார்ல் ஹோவ்லாண்டும் வால்டர் வைஸும் 1951இல் காட்டினார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை இந்தியில் உதவி எண்களை அறிவித்தது; அதிகாரிகள் விடுதிகளுக்கும் கம்பெனிகளுக்கும் நேரில் போனார்கள். பீகார் அரசு ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் டி. பாலமுருகன் தலைமையில் நான்கு பேர் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்களிடம் பேசினார்கள். தன் மாநில அரசின் ஆள், தன் மொழியில், தன் முன்னால் நின்று சொன்னது, எத்தனை செய்திக்குறிப்பும் செய்யாததைச் செய்தது. பொய்க் காணொளிகள் தொடர்பாக யூடியூபர் ஒருவர் கைதானார். மார்ச் 8 ஹோலி முடிந்து ஆட்கள் திரும்பினார்கள்.

இனி, ஏற்பாடுகளில் முக்கியமானது: எத்தகைய பழக்கம் பிரிவினையைக் கரைக்கிறது? 1954இல் ஆல்போர்ட் நான்கு நிபந்தனைகள் சொன்னார். பழகுபவர்கள் அந்த இடத்தில் சமநிலையில் இருக்க வேண்டும், பொதுக் குறிக்கோள் வேண்டும், அதற்காக ஒத்துழைக்க வேண்டும், சட்டமோ நிர்வாகமோ அந்தப் பழக்கத்தை ஆதரிக்க வேண்டும். 2006இல் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பழக்கம் பொதுவாகவே வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் கூடிய இடத்தில் இன்னும் அதிகம் குறைக்கிறது என்றும் தெரிந்தது.

ஆல்போர்ட் எழுதிய அதே ஆண்டில், முசாஃபர் ஷெரிஃப் அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலத்தில் 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கி முகாம் நடத்தினார். போட்டி விளையாட்டுகள் வைத்ததும் கொடி எரிப்பு, அறைக்குள் புகுந்து சூறையாடல் என்று பகை முற்றியது. இரு அணியையும் ஒன்றாகச் சாப்பிட உட்கார வைத்தால் சாப்பாட்டைத் தூக்கி எறிந்தார்கள். முகாமின் தண்ணீர் நின்றுபோய் எல்லோரும் சேர்ந்து அடைப்பைத் தேட வேண்டி வந்தபோதும், பழுதான லாரியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தபோதும்தான் பகை தணிந்தது. இந்தப் புகழ்பெற்ற சோதனைக்கு அதிகம் பேசப்படாத ஒரு முன்கதை உண்டு. முந்தைய ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஷெரிஃப் நடத்திய முகாம் தோல்வியில் முடிந்தது. அந்தச் சிறுவர்கள் அணி பிரிப்பதற்கு முன்பே ஒன்றாகப் பழகிவிட்டார்கள். எவ்வளவு மூட்டியும் சண்டை பற்றவில்லை. அந்தத் தோல்வியில் வெற்றியைவிடப் பெரிய செய்தி இருக்கிறது.

இந்தியாவில் பொருளாதார ஆய்வாளர் மேட் லோ 2017இல் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 1,261 இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் லீக்குகள் நடத்தினார். குலுக்கல் முறையில் சிலருக்குப் பல சாதி கலந்த அணி, சிலருக்கு ஒரே சாதி அணி. கலந்த அணியில் ஒன்றாக ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. வேறு சாதியினரை எதிரணியில் அதிகம் சந்தித்தவர்களிடம் அது குறைந்தது. ஒரே மைதானம், ஒரே பந்து. எந்தப் பக்கம் நின்று ஆடினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

பனியன் கம்பெனியின் தையல் லைன் இந்த இரண்டில் எந்தப் பக்கம்? ஒருவர் சோல்டர் கூட்டுகிறார், அடுத்தவர் கழுத்துப்பட்டி வைக்கிறார், அடுத்தவர் கை ஏற்றுகிறார், பேட்லாக் டைலர் கீழ்மடிப்பு அடிக்கிறார், கைமடி ஆள் பீஸை அடுக்கி நகர்த்துகிறார். ஒருவர் தாமதித்தால் எல்லோருக்கும் தாமதம். ஒருவர் பலன் மற்றவர் பலனோடு பிணைந்திருக்கும்போது உதவி தானாக வளர்கிறது என்று மார்ட்டன் டாய்ச் 1949இல் விளக்கினார். அந்த வகையில் லைன் ஒரு கலந்த அணி. கூலி முறை அதைக் குலைத்துவிடக்கூடும். ஒரே தளத்தில் சிலருக்குப் பீஸ் ரேட், சிலருக்கு ஷிப்டுச் சம்பளம், சிலருக்கு ஏஜெண்ட் வழியாகப் பணம் என்றிருந்தால் பக்கத்து மெஷின்காரர் தன் கூலியைக் குறைக்க வந்தவராகத் தெரிவார். ஆல்போர்ட்டின் முதல் நிபந்தனை அங்கே அடிபடுகிறது.

நான்காவது நிபந்தனைக்கு அருள்புரத்தின் சாயப்பட்டறைகளே சான்று. ஒரே ஜாப் ஒர்க்குக்குப் போட்டி போடும் பட்டறைக்காரர்கள் கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தாமாகக் கைகோக்கவில்லை. தனியாகச் செலவு செய்பவர் போட்டியில் பின்தங்குவார்; செய்யாதவர் மிச்சப்படுத்துவார். நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சாயக்கழிவு ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொன்னது. அதன் பிறகு தப்பிக்கும் வழி யாருக்கும் இல்லாமல் போனது. அருள்புரத்தில் உள்ளது உட்படப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முழு அளவில் இயங்கத் தொடங்கியது அந்த நெருக்குதலில். ஷெரிஃபின் சிறுவர்களுக்குத் தண்ணீர்க் குழாய் செய்ததை இங்கே நீதிமன்றம் செய்தது: போட்டியாளர்கள் ஒரே ஆலையின் பங்காளிகள் ஆனார்கள்.

தொழிலாளர்களுக்கும் அத்தகைய சட்டம் எழுதப்பட்டது. மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர்களுக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களை அழைத்து வரும் கான்ட்ராக்டர் உரிமம் பெற வேண்டும் என்றது. தொழிலாளியின் புகைப்படத்தோடு, அவருக்குப் புரியும் மொழியில், கூலி விவரம் எழுதிய பாஸ்புக் தர வேண்டும் என்றது. அதே வேலையை அல்லது அதை ஒத்த வேலையை அந்த நிறுவனத்தில் செய்யும் மற்றத் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதே கூலி இவருக்கும் என்றும் விதித்தது. ஆல்போர்ட் கேட்ட சமநிலை, அவர் நூல் வெளிவந்த 25ஆம் ஆண்டில் இந்தியச் சட்டமாக இருந்தது.